என்னைக்கு வாரிய?

எங்கள் அத்தை வீட்டுக்குப் போவது சுலபம்; அங்கிருந்து கிளம்புவதுதான் பெரும்பாடு. காப்பி குடித்தாகிவிட்டது, முறுக்கு தின்றாகிவிட்டது, பாளையங்கோட்டையில் யார் வீட்டில் யாருக்கு என்ன என்பதெல்லாம் பேசியாகிவிட்டது. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஊர் உலகத்தில் எல்லாரும் சொல்வதைப் போல "போயிட்டு வாரேன்க்கா" என்று சொல்வீர்கள். அத்தை கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள்.

"என்னைக்கு வாரிய?"

புதிதாக வந்தவருக்கு முதலில் புரியாது. சிரித்துவைப்பார். அத்தை சிரிக்கமாட்டாள். 'போறேன்' என்று மொட்டையாகச் சொன்னால் நன்றாக இருக்காதே என்றுதான் நாமெல்லாம் கூட ஒரு 'வாரேன்' சேர்த்துக்கொள்கிறோம். அந்த 'வாரே'னுக்கு ஒரு தேதி உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. அத்தை நினைத்தாள். ஏதாவது ஒரு கிழமையை வாயிலிருந்து வாங்காமல் தாழ்ப்பாளை விடமாட்டாள். வாங்கிய கிழமையை மறக்கவும் மாட்டாள்.

ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இப்படித்தான் அகப்பட்டார். தப்பித்தால் போதும் என்று "வியாழக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வியாழக்கிழமை அத்தை அவருக்கும் சேர்த்துக் காப்பி போட்டு வைத்திருந்தாள். ஆள் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறி மேலப்பாளையத்தில் அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, கதவைத் தட்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் அத்தை தெருவுக்கே வரவில்லை. அந்தப் பக்கம் வரவேண்டியிருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனார் என்று கேள்வி.

சபை ஐயரும் தப்பவில்லை. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் விவரமானவர். ஜெபம் முடித்து எழுந்ததும் கிழமை எதுவும் சொல்லாமல், "கர்த்தருக்குச் சித்தமானால் வாரேன்மா" என்று சொல்லிப் பார்த்தார்.

"அவருக்குச் சித்தம்தான் ஐயா," என்றாள் அத்தை. "ஒங்களுக்கு என்னைக்குச் சித்தம்?"

இந்தப் பழக்கம் அத்தைக்கு வேதத்திலிருந்து வந்ததில்லை, சினிமாவிலிருந்து வந்தது. அதையும் சொல்லவேண்டும்.

தாத்தா சபைக் கமிட்டியில் இருந்தவர். சினிமா என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் மகள், எங்கள் அத்தை, டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, சேரன்மகாதேவியில் ஒரு ஆபீசுக்குத் தினமும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தாள். இங்கிலீஷ் நன்றாக வந்தால் மேலே போகலாம் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் சனிக்கிழமை காலைக் காட்சியாக இங்கிலீஷ் படம் போடுவார்கள். போய்ப் பார்க்கலாம் என்று தாத்தா அனுமதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. போஸ்டரில் பெண் இருக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாத்தாவே சைக்கிளில் ஜங்ஷனுக்குப் போய் போஸ்டரைப் பார்த்துவிட்டு வருவார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓரம் மூலையெல்லாம் பார்ப்பாராம். குதிரைப் படம் என்று நம்பிப் போனால் ஜன்னலில் ஒரு பெண் நிற்பாள், கூடாது. பேய்ப் படத்தில் பேயே பெண்ணாக இருக்கும், அதுவும் கூடாது. கடைசியில் அவருடைய சல்லடையில் தங்கியது ஒரே ஒரு வகைப் படம்தான். கடல், கடலில் தட்டையாக ஒரு பெரிய கப்பல், அதன் முதுகில் இறக்கையை மடித்துக்கொண்டு வரிசையாக விமானங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். எங்கெங்கோ ஓடித் தேய்ந்து, கோடுகோடாக மழை பெய்துகொண்டு திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தவை. மற்றப் பெண்கள் காதல் படம் பார்த்து அழுதுகொண்டிருந்த காலத்தில் எங்கள் அத்தை விமானந்தாங்கிக் கப்பல் படங்களாகப் பார்த்துத் தள்ளினாள். அவள் ரசனையை வளர்த்தவர் தாத்தாதான், அவருக்கே தெரியாமல்.

துணைக்குக் கடைசித் தம்பியை அனுப்புவார். எனக்குச் சித்தப்பா முறை. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். படத்தில் இருப்பதைவிட அக்காவிடம் அவருக்கு வேடிக்கை அதிகம். ஒரு படத்தில் போஸ்டரை ஏமாற்றிவிட்டு ஒரு பெண் வந்துவிட்டாள். கதாநாயகன் லீவில் ஊருக்குப் போய் ரயிலடியில் மனைவிக்கு முத்தம் கொடுக்கிறான். அத்தை உடனே குனிந்து சீட்டுக்கடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தாளாம். மறுபடி அதே படம் வந்தபோது சரியாக அதே இடத்தில் மறுபடியும் செருப்பு காணாமல் போயிற்று என்று சித்தப்பா வீட்டில் வந்து சொல்லி, தாத்தாவுக்குத் தெரியாமல் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

அத்தைக்குப் பிடித்தது சண்டை இல்லை. குண்டு போடும்போதெல்லாம் கொண்டுபோன கடலையை உரித்துக்கொண்டிருப்பாள். விமானங்கள் திரும்பி வரும் கட்டம் வந்தால் கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிடுவாள்.

"போறதுல என்னலே இருக்கு?" என்று எனக்குச் சொல்வாள். "தள்ளிவிட்டா எதுவும்தான் போவும். அம்மாம் பெரிய கடல்ல இம்புட்டுக்காணு கப்பலக் கண்டுபிடிச்சு, பைய எறங்கி, கொக்கிய மாட்டணும். அதுல்லா காரியம்."

விமானத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கும். கப்பலின் மேல்தளத்தில் குறுக்கே கம்பி கட்டியிருப்பார்கள். கொக்கி கம்பியில் மாட்டினால்தான் விமானம் நிற்கும், இல்லாவிட்டால் கடல்தான். இதை எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தை தவிர எல்லாரும் அறிவோம். யாருக்காவது வேலை கிடைத்தால் அத்தை "கொக்கி மாட்டிட்டான்" என்பாள். வேலை கிடைக்காமல் திரிகிறவன் "அந்தரத்துல சுத்துதான்." முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவன் என்றால் "எண்ணெய் கம்மியாயிட்டு வருது." நான் பிறந்த சேதியையே அப்பா அவளுக்கு "கொக்கி மாட்டியாச்சு" என்றுதான் சொல்லி அனுப்பினாராம். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நான் கப்பல்லா. கப்பல் போயி எங்க எறங்கும்?" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் அதற்கு மேல் என்ன கேட்பார்கள்?

கோயில் அசனத்தன்று அவளைப் பார்க்கவேண்டும். அசனம் என்றால் சபையார் எல்லாருமாகக் கூடிச் சாப்பிடும் பெரிய விருந்து. சுற்றுவட்டாரத்திலிருந்து வேனும் காரும் கோயில் வளாகத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். வண்டிகளை நிறுத்த இடம் காட்டும் பொறுப்பை அத்தை தானாகவே எடுத்துக்கொண்டாள். இரண்டு கையிலும் இரண்டு பனையோலை விசிறி. படத்தில் கப்பலின் ஓரத்தில் ஒருவன் இரண்டு மட்டைகளைப் பிடித்துக்கொண்டு விமானத்துக்குச் சைகை காட்டுவானே, அவனேதான். விசிறியை இரண்டு பக்கமும் நேராக நீட்டினால் சரியாக வருகிறாய் என்று அர்த்தம். ஒரு பக்கம் சாய்த்தால் நீ கோணலாக வருகிறாய். தலைக்கு மேல் இரண்டையும் குறுக்கே ஆட்டினால் நிறுத்தாதே, வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வா.

ஒரு வருஷம் புதிதாக மாற்றலாகி வந்த ஐயரின் கார் கொஞ்சம் கோணலாக நுழைந்துவிட்டது. அத்தை தலைக்கு மேல் விசிறிகளை ஆட்டினாள். பாவம், புது ஊர், ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு அவர் வெளியே போய்த் தெருவைச் சுற்றிவிட்டு வந்தார். மறுபடியும் கோணல். மறுபடியும் விசிறி. உள்ளே பந்தியில் சோறு போட்டாயிற்று, ஜெபம் பண்ண ஆள் இல்லை. கடைசியில் அவர் காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். "நல்ல மனுசன்தான். எறங்கத்தான் தெரியல," என்றாள் அத்தை.

இத்தனை படம் பார்த்தவளுக்கு ஒரு படத்தின் முடிவு மட்டும் தெரியாது. அதுதான் அவள் தியேட்டரில் பார்த்த கடைசிப் படம். பேரும் மறந்துவிட்டது என்பாள். கதை மட்டும் எங்களுக்கு அத்தை வாயால் கேட்டுக் கேட்டு மனப்பாடம். போன விமானங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை. கடலெல்லாம் பனிமூட்டம். கப்பல் அங்கேயே நிற்கிறது. எதிரி எந்த நேரமும் வந்துவிடலாம், கிளம்பவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேப்டன் மேலே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

"அப்புறம் அத்தே?"

"அப்புறம் என்னத்த. கரண்டு போயிட்டு."

மறுநாள் போய்க் கேட்டால் படப்பெட்டி தென்காசிக்குப் போய்விட்டதாம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கரண்டு போகும். சின்ன வயதில் நாங்கள் அவளைச் சீண்டவேண்டும் என்றால், "அத்தே, ப்ளேன் வந்துட்டா?" என்று கேட்டுவிட்டு ஓடுவோம்.

சித்தப்பா விஷயத்தை நான் கேட்டது அம்மாவிடம். அத்தையை அம்மா மைனி என்று கூப்பிடுவாள். அத்தையின் 'என்னைக்கு வாரிய'வை நான் அம்மாவிடம் நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அம்மா மட்டும் சிரிக்காமல் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். படிப்பு முடிந்ததும் சித்தப்பாவைத் தாத்தா பள்ளிக்கூடத்தில் எழுத்தராகச் சேர்க்கப் பார்த்தார். சித்தப்பா கப்பல் வேலைக்குத்தான் போவேன் என்றார். எந்தக் கப்பலானாலும் சரி என்றார். அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு முற்றி, ஒரு நாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார். கேட்டுவரை போனது அத்தை மட்டும்தான். "போயிட்டு வாரேன்க்கா" என்றார். "பாத்துப் போ" என்றாள். கொஞ்ச காலம் ஏதேதோ துறைமுகங்களிலிருந்து தகவல் வந்தது. பிறகு வரவில்லை. விசாரித்த இடங்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"அன்னைக்கு ஒரு நாள்தான் மைனி என்னைக்கு வாரன்னு கேக்கல," என்றாள் அம்மா. "அதுக்குப் பெறகு ஒருத்தரையும் விடல."

அதன்பிறகு நான் அத்தையை நடித்துக் காட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுக்க விட்டுவிட்டேன் என்று சொல்லமுடியாது.

வயது எழுபதைத் தாண்டியபின் ஒரு நாள் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்பு தப்பித்தது. ஆனால் அப்பா பயந்துபோனார். அவளுக்கு அவர் நேர் இளைய தம்பி. நாங்கள் வண்ணார்பேட்டையில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான், பாலம்கூடத் தாண்டவேண்டாம். அத்தை அசையவில்லை.

"கப்பல் எடம் மாறிட்டுன்னா வாரவன் எங்கல எறங்குவான்? அவனுக்கு இந்த அட்ரசு மட்டுந்தான தெரியும்," என்றாள்.

அப்பா நேராக என்னிடம் வந்தார். இன்டர்நெட்டில் எல்லாம் கிடைக்கிறதே, அந்தப் பாழாய்ப்போன படத்தைத் தேடிப் பிடிக்கமுடியுமா என்று கேட்டார். பேர் தெரியாத படத்தை எப்படித் தேடுவது? வெளிநாட்டில் பழைய படம் பார்க்கிறவர்கள் கூடிப் பேசும் தளங்களில் கதையை எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். எங்கோ ஒரு கிழவர் பேரைச் சொன்னார். படம் இருந்தது. நான் முதலில் தனியாக உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். கேப்டன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான், நிற்கிறான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகிறான். கப்பல் திரும்புகிறது. விமானம் வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் "நல்லதாப் போச்சு. அதக் காட்டு," என்றார். "கப்பலும் ஒரு நேரம் கெளம்பித்தான் ஆவணும்னு அக்கா பாக்கட்டும். அந்த வீட்டுல ஒத்தையில விழுந்து கெடந்தா யாரு பாப்பா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சனிக்கிழமை மத்தியானம் போனேன். அத்தை தியேட்டருக்குப் போவதைப்போலக் கஞ்சி போட்ட சேலை கட்டி, கடலை வறுத்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். டிவியில் படத்தைப் போட்டதும் அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னாள். இப்ப இறக்கையை விரிப்பான் பாரு. இப்ப மட்டைக்காரன் வருவான் பாரு. எனக்கு இடமும் வலமும் காட்டி அவள் கையே மட்டையாகிவிட்டது. நடுவில் பழைய நினைப்பாக வந்த ஒரு காட்சியில் கதாநாயகன் மனைவியைக் கட்டிப்பிடித்தான். வீட்டுக்குள் செருப்பே போடாத அத்தை குனிந்து நாற்காலிக்கடியில் எதையோ தேடினாள். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

பனிமூட்டம் வந்தது. கேப்டன் வந்து நின்றான். அத்தை கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்தாள். என் வேலை அவ்வளவுதான், சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கப்பல் திரும்பிவிடும். அவள் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. என் மடியில் துண்டுக்கடியில் இருந்த ரிமோட்டை அமுக்கிவிட்டேன். படம் அப்படியே நின்றது.

"நெட் போயிட்டு அத்தே," என்றேன்.

அத்தை நின்றுபோன படத்தைப் பார்த்தாள். பிறகு டிவிக்குப் பக்கத்தில் இருந்த நெட் பெட்டியைப் பார்த்தாள்.

"ஏலே, பச்ச லைட்டு எரியுதுலா."

நான் ஏதோ முணுமுணுத்தேன். அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கும் கரண்டு போகல. நான்தான் எந்திச்சு வந்துட்டேன்."

நான் ரிமோட்டைத் துண்டுக்கடியிலிருந்து வெளியே எடுத்தேன்.

"அவன் போன பெறகு ஒத்தையில போன படம்லா அது. பக்கத்துச் சீட்டு காலியாக் கெடந்துச்சு. கப்பல்காரன் மூஞ்சியப் பாத்தேன், திருப்பிரப் போறான்னு தெரிஞ்சுட்டு. நான் எதுக்குல அதப் பாக்கணும்? நான் பாக்காத வரைக்கும் அந்த ப்ளேன் வானத்துலதான நிக்குது."

டிவியில் கேப்டன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அத்தையே ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தாள்.

"ஒங்கப்பன் சொல்லித்தான வந்த?"

தலையை ஆட்டினேன்.

"அவன்ட்ட சொல்லு. அந்தக் கப்பல்ல எண்ணெய் தீந்திருக்கும். இங்கன இன்னும் தீரல."

கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் அத்தே" என்றேன். தாழ்ப்பாளில் கை. "என்னைக்கு வார?" அடுத்த சனிக்கிழமை என்றேன். மீதிக் கடலையைச் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள்.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மறுநாள் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் அத்தை வீட்டுக் குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி பதித்துவிட்டு வந்தார். அத்தை அந்தக் கம்பியைப் பார்த்து, கொக்கி மாட்ட வசதியாக இருக்கிறது என்று சொன்னாளாம். வீட்டை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

இரண்டு மழைக்காலம் கழிந்து, அதே வீட்டில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் நல்லது ஒன்றும் தெரியவில்லை. வருகிறேன் என்று சொல்லாமல் போகிற ஆளா அவள் என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். 'போயிட்டு வாரேன்' அங்கே சொல்லக்கூடாத வார்த்தை. தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் கேட்டைத் தாண்டிப் போய்விடவேண்டும். எல்லாரும் அப்படித்தான் போனார்கள். அப்பா மட்டும் இன்னும் சில நாள் இங்கேயே இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டு கேட்டருகே நின்றிருந்தார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். எத்தனையோ வருஷப் பழக்கம், அந்தக் கேட்டைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாரேன்."

பக்கத்தில் நின்ற பெரியவர்கள் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா "வெவரம் கெட்டவன்" என்று முனகியது காதில் விழுந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அப்பா கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னைக்குலே வார?" என்றார்.

"சனிக்கிழமை" என்றேன்.

அப்பா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.